வெறுமையில் எஞ்சுவது

(வானொலி இலக்கியத் தொடரில் இடம்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



குறிகட்டுவான் துறையிலிருந்து நயினாதீவுக்குப் படகேறிச் சென்றவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். ஒரே படகில் இருவகை யாத்திரிகர்கள் அருகருகே அமர்ந்திருப்பார்கள். ஒரு சாரார் அருச்சனைத் தட்டுடன் நாகபூசணி அம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள். மறு சாரார் வெள்ளுடை தரித்து, பூக்களை ஏந்தி, நாக விகாரைக்குப் போகிறவர்கள். அலை எழுந்து படகு ஆடினால் இரு சாராரும் ஒரே பலகையைத்தான் பற்றிக்கொள்கிறார்கள். கரை இறங்கியதும் வழி பிரிந்துவிடுகிறது.

அந்தப் படகிலே ஒரு பெரிய தத்துவ வழக்கும் கூடவே பயணம் செய்கிறது. அம்மனிடம் போகிறவரின் சமயம், உயிர் என்றும் உள்ளது, அது இறைவனைச் சேர்வதே பேறு என்கிறது. விகாரைக்குப் போகிறவரின் சமயம், நிலையான உயிர் என்று ஒன்றைக் காணமுடியாது என்கிறது. ஆயினும் இரு சமயத்துப் பெரியோரும் மனத்தை வெறுமையாக்கி விழிப்போடு இருக்கச் சொன்னார்கள். அந்த வெறுமை ஒன்றா, வேறா? இத்தொடரில் இன்று அதையே சிறிது ஆராய விரும்புகிறேன்.

இக்கேள்வி எனக்கு எழுந்தது நூலகத்தில் அன்று, வகுப்பறையில். மணிமேகலையைப் படிப்பித்துக் கொண்டிருந்தபோது பௌத்தத்தின் சூனியக் கொள்கை பற்றி ஒரு வார்த்தை சொன்னேன். பின்வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், சூனியம் எண்டால் செய்வினைதானே? அதை ஏன் பௌத்த ஞானியள் படிப்பிச்சவை?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால், அவன் கேட்டது சிரிப்புக்கு உரிய கேள்வி அன்று என்பதை வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டியபோதுதான் உணர்ந்தேன்.

சூனியம் என்ற வடசொல்லுக்கு வெறுமை, இன்மை என்று பொருள். தமிழிலே அது பில்லி சூனியமாயிற்று. சிங்களத்திலும் இதே கதைதான். சூனியம், ஹூனியம் என்றால் அங்கும் செய்வினையே. அப்பெயரில் ஒரு தெய்வத்துக்கு வழிபாடும் நடைபெறுகின்றது. ஆக, வெறுமையைக் கண்டு அஞ்சுவதில் இந்நாட்டின் இரு மொழிகளும் ஒத்துப்போயிருக்கின்றன. மறுபுறத்தில், கணக்கிலே ஒன்றுமில்லாததைக் குறிக்கும் எண்ணுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் பூச்சியம். வணக்கத்துக்குரியது என்ற பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. ஒன்றுமில்லாததை ஒருபக்கம் அஞ்சி, மறுபக்கம் வணங்கி வந்திருக்கிறது நமது மொழி. சித்தர்கள் பாழ் என்றும் வெளி என்றும் சொன்னவற்றையும், நாம் அன்றாடம் வாயில் வைத்திருக்கும் 'சும்மா' என்ற சொல்லையும் இவற்றோடு சேர்த்துப் பார்த்தால், வெறுமை நமக்குப் புதிய பொருள் அன்று என்பது தெளிவாகும்.

முதலில் பௌத்தத்தைக் கவனிப்போம். பாளி நூல்களுள் மஜ்ஜிம நிகாயத்தில் 121 ஆவதாக அமைந்தது சூளசுஞ்ஞத சூத்திரம். வெறுமை பற்றிய சிறிய உபதேசம் என்பது இதன் பொருள். சாவத்தி நகரின் கீழைப் பூங்காவிலே, விசாகை என்ற பெருமாட்டி அளித்த மாளிகையில் புத்தர் தங்கியிருக்கிறார். தாம் வெறுமையிலே உறைவதாகச் சொன்னதன் பொருளை ஆனந்தருக்கு விளக்குகிறார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் அந்த மாளிகையேதான். இங்கே யானை இல்லை, பசு இல்லை, குதிரை இல்லை. பொன்னும் வெள்ளியும் இல்லை. ஆணும் பெண்ணுமாகக் கூடும் கூட்டமும் இல்லை. அவற்றைப் பொறுத்தவரை இம்மாளிகை வெறுமை. ஆனால், துறவியர் குழாம் இருக்கிறது. அதைப் பொறுத்தவரை வெறுமை அன்று.

எவ்வளவு எளிய பேச்சு என்று பாருங்கள்! இதன் பின்னர் உபதேசம் படிப்படியாக ஏறுகிறது. ஊரைப் பற்றிய எண்ணம் நீங்கிக் காடு மட்டும் மனத்தில் நிற்கிறது. காடும் நீங்கி நிலம் என்ற ஒன்று நிற்கிறது. பின்னர் எல்லையற்ற வெளி, எல்லையற்ற உணர்வு, ஒன்றுமின்மை என்று ஒவ்வொன்றாக நுணுகிச் செல்கிறது. ஒவ்வொரு படியிலும் அந்தத் துறவி இரண்டு காரியங்களைச் செய்கிறான். இல்லாததை இல்லை என்று காண்கிறான். எஞ்சியிருப்பதை இருக்கிறது என்று அறிகிறான். கடைசிப் படியிலும், உயிர் உள்ளவரை இந்த உடலும் ஆறு புலன்களும் எஞ்சி நிற்கின்றன என்பதை அவன் மறைப்பதில்லை.

நேயர்களே, இந்த இரண்டு காரியங்களையும் இரண்டு கேள்விகளாக மாற்றிக் கையில் வைத்துக்கொள்வோம். எது இல்லை? எது எஞ்சுகிறது? வெறுமை பற்றி எந்தச் சமயம் பேசினாலும் இவ்விரு கேள்விகளையும் கேட்டுப் பார்க்கலாம். வெறுமை என்பது மயக்கமோ உறக்கமோ அன்று, ஒரு கூர்மையான அறிதல் என்பதும் இதனால் விளங்கும். பௌத்தர் சதி என்று கூறும் விழிப்பு இதுதான். சுமிருதி என்ற வடசொல்லின் பாளி வடிவம் அது. நினைவுடைமை என்று தமிழில் சொல்லலாம். உடல், நுகர்ச்சி, சித்தம், தருமங்கள் என்ற நான்கிலும் அதனை நிலைநிறுத்துமாறு சதிபட்டான சூத்திரம் கூறுகிறது. நுகர்ச்சிக்குப் பாளியில் வழங்கும் பெயர் வேதனை. அங்கே அது இன்பம், துன்பம், இரண்டுமற்ற நிலை ஆகிய மூன்றையும் குறிக்கும். தமிழில் நாம் துன்பத்தை மட்டும் அதற்கு வைத்துக்கொண்டோம். சொற்கள் எல்லை கடந்து வரும்போது பாதிச் சுமையைக் கடலிலே போட்டுவிட்டு வருகின்றன போலும்.

எது இல்லை என்ற கேள்விக்குப் பௌத்தம் தரும் விடை, நான் என்றும் எனது என்றும் பற்றுவதற்கு எதுவும் இல்லை என்பதாகும். உலகம் வெறுமை எனப்படுவது ஏன் என்று ஆனந்தர் கேட்டபோதும் புத்தர் இதையே விடையாகச் சொன்னதாகச் சம்யுத்த நிகாயம் தெரிவிக்கிறது. எது எஞ்சுகிறது என்று கேட்டால், காரணமும் காரியமுமாகத் தொடரும் ஓட்டம் எஞ்சுகிறது. அந்த ஓட்டத்தைத் தமிழில் விரித்துரைத்த பெருமை மணிமேகலைக்கு உண்டு. அதன் இறுதிக் காதையில் அறவண அடிகள் பன்னிரு சார்புகளை உபதேசிக்கிறார். பேதைமையில் தொடங்கிய சங்கிலி, நுகர்விலிருந்து வேட்கையாகவும் வேட்கையிலிருந்து பற்றாகவும் நீளுகிறது. ஒன்றைச் சார்ந்தே மற்றொன்று வருகிறது. தனித்து நிற்பது எதுவும் இல்லை.

கி.பி. 2ஆம், 3ஆம் நூற்றாண்டுகளை ஒட்டி வாழ்ந்தவர் எனக் கருதப்படும் நாகார்ச்சுனர் இக்கருத்தை அதன் எல்லைவரை கொண்டு சென்றார். 27 அதிகாரங்கள் கொண்ட மூலமத்தியமக காரிகையில் அவர் நிறுவுவது, சார்ந்து தோன்றுவது எதுவோ அதுவே சூனியம் என்பதாகும். பொருள்கள் இல்லை என்று அவர் சொல்லவில்லை. தன்னியல்பாக, பிறிதொன்றைச் சாராமல் நிற்கும் பொருள் இல்லை என்கிறார். சூனியத்தையே ஒரு கொள்கையாக இறுகப் பிடித்துக்கொள்பவனுக்கு மருந்தில்லை என்றும், தவறாகப் பிடித்த பாம்பு பிடித்தவனையே கடிப்பதுபோலச் சூனியமும் கெடுக்கும் என்றும் அவரே எச்சரித்திருக்கிறார். இந்த எச்சரிக்கையை நினைவில் வைத்திருங்கள். பின்னர் தேவைப்படும்.

இனிச் சீன தேசத்துக்குப் போவோம். லாவோட்சு இயற்றியதாக வழங்கும் தாவோ தே சிங், 81 சிறு பகுதிகள் கொண்ட பழைய நூல். அதன் 11 ஆவது பகுதியில் மூன்று பொருள்கள் காட்டப்படுகின்றன. முப்பது ஆரக்கால்கள் கூடும் சக்கரத்தின் குடம். களிமண்ணால் வனைந்த பாத்திரம். கதவும் யன்னலும் வெட்டிய அறை. மூன்றிலும் பயன்படுவது வெற்றிடமே. அச்சு நுழைவதற்குக் குடத்தில் துவாரம் வேண்டும். சோறு இடுவதற்குப் பாத்திரத்தில் குழிவு வேண்டும். மனிதர் வாழ்வதற்கு அறையில் இடம் வேண்டும். இங்கே வெறுமை என்பது ஆராய்ந்து கண்ட முடிவு அன்று; புழங்குவதற்கு உரிய இடம். சூனியம் எதையும் தாங்கி நிற்கும் மூலப்பொருள் அன்று என்பார் நாகார்ச்சுனர். தாவோ நெறியிலோ, அந்த வெறுமையிலிருந்தே பத்தாயிரம் பொருள்களும் பிறக்கின்றன, அதனிடமே திரும்புகின்றன. ஒரு தாய்மைப் பண்பு அதற்கு உண்டு.

சுவாங்சு நூலிலே இன்னும் சுவையான பகுதிகள் உள்ளன. அதில் கன்பூசியசைத் தமது கருத்துக்களைப் பேசும் ஒரு பாத்திரமாகவே ஆக்கிவிடுகிறார் ஆசிரியர். கொடிய அரசன் ஒருவனைத் திருத்தப் புறப்படும் சீடனுக்குக் கன்பூசியஸ் ஒரு நோன்பைச் சொல்லிக் கொடுக்கிறார். ஊனும் மதுவும் தவிர்க்கும் நோன்பு அன்று; மன நோன்பு. காதால் கேளாதே, மனத்தால் கேள். மனத்தாலும் கேளாதே, வெறுமையாகக் காத்திருக்கும் உயிர்ப்பினால் கேள் என்பது அதன் சாரம். அந்த வெறுமையிலேதான் தாவோ வந்து கூடுமாம்.

இன்னோர் இடத்திலே ஆற்றைக் கடக்கும் ஒருவனைக் காட்டுகிறார். ஆளில்லாத படகொன்று மிதந்து வந்து அவனது படகில் மோதினால், எவ்வளவு முன்கோபியாக இருந்தாலும் அவன் சினப்பதில்லை. அதே படகில் ஓர் ஆள் இருந்துவிட்டால் கூச்சல் போடுகிறான், ஏசுகிறான். மோதல் ஒன்றுதான். உள்ளே ஆள் இருப்பதுதான் சண்டைக்குக் காரணம். தன்னை வெறும் படகாக்கிக்கொண்டு உலகில் உலாவுகிறவனுக்கு யார் தீங்கு செய்ய முடியும் என்று அந்தக் கதை முடிகிறது. நான் என்பது இல்லை என்று பௌத்தர் தர்க்கத்தால் காட்டியதை, இவர் ஒரு படகால் காட்டிவிட்டார் என்று சொல்லத் தோன்றும். அப்படிச் சொல்வதிலும் ஓர் ஆபத்து உண்டு.

அந்த ஆபத்தைச் சீனரே அனுபவித்தார்கள். பௌத்த நூல்கள் சீனத்துக்குச் சென்ற தொடக்க காலத்தில், சூனியம் என்பதற்கு ஈடாக, ஆதி இன்மை என்னும் பொருள்படும் தாவோ நெறிச் சொல்லையே மொழிபெயர்ப்பாளர் சிலர் எடுத்து ஆண்டனர். கேட்டவர்கள், இது நமது லாவோட்சு சொன்னதுதானே என்று எண்ணிக்கொண்டனர். குமாரசீவர் கி.பி. 401 இல் சாங்கான் நகருக்கு வந்து, நாகார்ச்சுனர் நூல்களையும் பிறவற்றையும் முறையாகப் பெயர்த்த பின்னரே இந்த மயக்கம் தெளியத் தொடங்கியது. அவருடைய மாணாக்கர் செங்சாவோ, இளமையில் லாவோட்சுவையும் சுவாங்சுவையும் விரும்பிக் கற்றவர். விமலகீர்த்தி சூத்திரத்தைப் படித்தே பௌத்தத்தின்பால் திரும்பினார். இரண்டையும் அறிந்திருந்ததால்தான் வேறுபாட்டையும் அவரால் எழுத முடிந்தது.

அந்த விமலகீர்த்தி சூத்திரத்திலே, இருமையற்ற நிலை யாது என்று போதிசத்துவர்கள் ஒவ்வொருவரும் விளக்கம் சொல்லிவந்தபின், விமலகீர்த்தியின் விடை கேட்கப்படுகிறது. அவர் ஒன்றும் பேசாமல் இருக்கிறார். அந்த மௌனமே விடை. இவ்விடத்தில் தமிழ் வாசகருக்குக் கல்லாலின் கீழ் வாய்திறவாமல் நால்வருக்கு உபதேசித்த தட்சிணாமூர்த்தி நினைவுக்கு வராமல் இருக்கமாட்டார். பேச்சற்றுச் சும்மா இருக்குமாறு முருகன் தமக்கு உபதேசித்ததை அருணகிரிநாதர் கந்தரநுபூதியில் பாடுகிறார். தாயுமானவர் அந்த நிலைக்கு ஏங்கி உருகுகிறார். யாழ்ப்பாணத்துச் சிவயோக சுவாமிகளும் (1872–1964) தம்மிடம் வந்தவர்களைச் சும்மா இருக்கச் சொன்னார். வேலையற்றவனைப் பார்த்து, "சும்மாதானே இருக்கிறாய்" என்று நாம் ஏளனமாகச் சொல்லும் அதே சொல் இது.

நமது சைவத்தில் வெறுமையும் விழிப்பும் ஒன்றாகச் சேர்ந்த இடம் சிதம்பரம். சித் என்றால் அறிவு. அம்பரம் என்றால் வெளி. அந்த ஊரின் பெயரே இன்றைய நமது பொருளாகும். ஐம்பூதத் தலங்களுள் ஆகாயத் தலம் அது. இரகசியம் என்று திரையை விலக்கினால் உள்ளே உருவம் இல்லை. பொன் வில்வ மாலை தொங்கும் வெளிதான் இருக்கிறது. வெளிதானே என்று அதை வெறுமையாக விட்டுவிடாமல், அந்த வெளியில் ஒருவன் ஆடுகிறான் என்று சைவம் சொல்கிறது. எது எஞ்சுகிறது என்ற கேள்விக்குச் சைவத்தின் விடை அங்கே இருக்கிறது.

இவ்விடத்திலேதான் பழைய வழக்கு சூடுபிடிக்கிறது. 13ஆம் நூற்றாண்டிலே மெய்கண்டார் சிவஞானபோதத்தின் பன்னிரு சூத்திரங்களில் மூன்றாவதை உயிரின் உண்மையை நிறுவுவதற்கு ஒதுக்கினார். உடலை, புலனை, பிராணனை, ஒவ்வொன்றையும் இது நான் அன்று, இது நான் அன்று என்று தள்ளிக்கொண்டே போகலாம். தள்ளுகிற அறிவு ஒன்று நிற்கிறதே, அதுவே உயிர் என்பது அவ்வாதத்தின் சாரம். அவருடைய மாணாக்கர் அருணந்தி சிவாசாரியார், சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் பௌத்தத்தின் நான்கு பிரிவுகளையும் தனித்தனியே எடுத்து மறுத்தார். மாத்தியமிகருக்கு எதிராகச் சைவர் எழுப்பிய கேள்வியை எளிய தமிழில் இப்படிச் சொல்லலாம்: எல்லாம் சூனியம் என்று கண்டுகொண்ட அந்த அறிவும் சூனியமா? சூனியமானால் யார் கண்டது? சூனியம் அன்றேல் உன் கொள்கை என்னாயிற்று?

கூர்மையான கேள்விதான். இதற்கு ஒத்த ஒரு தடையைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே தமக்குத் தாமே எழுப்பி, விக்கிரக வியாவர்த்தனி என்ற நூலில் விடை சொல்லியிருக்கிறார் நாகார்ச்சுனர். என் சொல்லும் சூனியந்தான். ஆனால், வண்டி சூனியமாயினும் விறகு சுமக்கிறது, குடம் சூனியமாயினும் நீர் கொள்கிறது. அவ்வாறே என் சொல்லும் தன் வேலையைச் செய்யும் என்கிறார் அவர். இருவரில் வென்றவர் யார் என்று தீர்ப்புக் கூற நான் வரவில்லை. இருவருமே வெறுமையை ஒன்றுமில்லாமை என்று கொள்ளவில்லை என்பதைச் சுட்டவே இதைச் சொன்னேன். பாழ் என்று முடித்துவிட இருவருமே சம்மதிக்கவில்லை.

ஆயினும் வேறுபாடு உண்மையானது. பௌத்தத்தில் நீங்குவது நிலையான நான் என்ற எண்ணம்; எஞ்சுவது சார்ந்து ஓடும் ஓட்டமும் அதனை உள்ளவாறு காணும் விழிப்பும். தாவோ நெறியில் நீங்குவது வலிந்து செய்யும் முனைப்பு. எஞ்சுவது தானாக நிகழும் இயற்கையின் போக்கு. அத்துவித வேதாந்தத்தில் நீங்குவது பலவாகத் தோன்றும் உலகம் மெய்யென்ற மயக்கம். எஞ்சுவது சாட்சியாய் ஒளிரும் அறிவு ஒன்றே. சைவ சித்தாந்தத்தில் நீங்குவது மலத்தின் மறைப்பு. எஞ்சுவது உயிரும் அது சார்ந்த சிவமும். சார்ந்ததன் நிறத்தைக் காட்டும் பளிங்குபோல, உயிர் சிவத்தைச் சார்ந்து சிவமாய் நிற்கிறது. அந்தக் கலப்பை விளக்குவதற்கு உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் ஓர் இலக்கண உதாரணத்தையே எடுத்தார். தாள் என்பதும் தலை என்பதும் புணர்ந்தால் தாடலை. ஒரு சொல்லாகவே ஒலிக்கிறது. ஆனால் இரண்டும் உள்ளே இருக்கின்றன. புணர்ச்சி விதி படிப்பிக்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு இது நினைவுக்கு வருவதுண்டு.

எல்லாச் சமயமும் ஒன்றையே சொல்கின்றன என்று மேடைகளில் முழங்குவது இன்று வழக்கமாகிவிட்டது. நல்லெண்ணத்தில் எழுந்த பேச்சுத்தான். ஆனால், அயலவன் சொல்வதைக் கேட்கும் சிரமத்தை அது நமக்கு இல்லாமலாக்கிவிடுகிறது. அருணந்தியார் பௌத்தரை மறுத்தார். மறுப்பதற்காகவாவது அவர்களது நான்கு பிரிவுகளையும் வேறுபாடு தெரிந்து படித்தார். மணிமேகலை பல சமயவாதிகளிடம் சென்று ஒவ்வொருவரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்டாள். அதற்கென்றே ஒரு காதையைச் சாத்தனார் அமைத்தார். இன்று ஒரே படகில் போகும் நாம் அவ்வளவு கேட்டிருக்கிறோமா?

நேயர்களே, இதுவரை ஞானிகளின் வெறுமையைப் பேசினேன். நம்மவருக்கு வெறுமை வேறு வழியாகவும் அறிமுகமானது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஓரிரவில் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது எனக்கு 15 வயது. மறு ஆண்டு சித்திரையில் திரும்பி வந்தோம். வீட்டில் ஓடு இல்லை. கதவும் யன்னலும் கழற்றப்பட்டிருந்தன. அறைகளில் ஒரு பொருளும் இல்லை. அம்மா வாசற்படியில் அமர்ந்துவிட்டார். அம்மம்மா மட்டும் ஒவ்வோர் அறையாக நடந்தார். "ஓடு போட்டுது. கதவு போட்டுது. பெட்டகம் போட்டுது" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். பின்வளவுக்கு வந்ததும் நின்றார். "கிணறு கிடக்கு. வேம்பு நிக்குது. நாங்கள் நிக்கிறம்" என்றார். பிறகு தும்புத்தடி இல்லாமல், வேப்பங்கொப்பு ஒன்றை முறித்துச் சாமியறை இருந்த இடத்தைக் கூட்டத் தொடங்கினார்.

அம்மம்மா பாளி படித்தவர் அல்லர். பல ஆண்டுகளின் பின் சூளசுஞ்ஞத சூத்திரத்தின் மொழிபெயர்ப்பை வாசித்தபோது அந்தக் குரல்தான் என் காதில் ஒலித்தது. இல்லாததை இல்லை என்று கண்டார். எஞ்சியதை இருக்கிறது என்று அறிந்தார். அம்மாவுக்கோ போனவை மட்டுமே நெடுநாள் கண்ணில் நின்றன. அவரைக் குறைகூற மாட்டேன். இழப்பின் வெறுமையும் ஞானத்தின் வெறுமையும் ஒன்றல்ல. இழந்தவரின் மனம் உண்மையில் வெறுமையாக இல்லை. போனவற்றால் நிறைந்து வழிகிறது. அத்தகையவரிடம் போய், எல்லாம் மாயை, எல்லாம் சூனியம் என்று உபதேசிப்பவர்தாம் நாகார்ச்சுனர் சொன்ன பாம்பைத் தவறாகப் பிடித்தவர். செத்தவீடுகளில் அப்படிப்பட்ட உபதேசங்களை நாம் கேட்டிருக்கிறோம். சிலவேளை நாமே செய்துமிருக்கிறோம்.

இன்னும் ஒரு சாரார் இருக்கிறார்கள். 2017 ஆம் ஆண்டு கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை ஏந்தித் தாய்மார் வீதியோரத்தில் போராட்டம் தொடங்கினார்கள். எது இல்லை என்ற முதற் கேள்விக்கே அவர்களிடம் விடை இல்லை. பிள்ளை இல்லை என்று சொல்ல அவர்களுக்குச் சான்று தரப்படவில்லை. இருக்கிறான் என்று சொல்லவும் வழியில்லை. இல்லாததை இல்லை என்று அறிவதும் மனிதனுக்குரிய ஓர் உரிமை என்பதை அவர்களைக் கண்டே நான் விளங்கிக்கொண்டேன். உண்மையை அறியவிடாமல் தடுத்துவிட்டு மன அமைதியைப் போதிக்கின்ற எந்தச் சமயமும், அது எந்தக் கரையைச் சேர்ந்ததாயினும், வெறுமை பற்றிப் பேசும் தகுதியை இழந்துவிடுகிறது.

அப்படியாயின் வெறுமைக் கோட்பாட்டினால் பிறருக்கு என்ன பயன்? இதற்கும் மணிமேகலையிடமே விடை உண்டு. நயினாதீவே அது என அறிஞர் சிலர் கருதும் மணிபல்லவத்தில், கோமுகிப் பொய்கையிலிருந்து அவள் கைக்கு வந்தது அமுதசுரபி என்ற பாத்திரம். அவளுக்குக் கிடைத்தபோது அதில் ஒன்றும் இல்லை. ஆதிரை முதற் பிச்சை இட்டாள். அதன்பின் எடுக்க எடுக்கக் குறையாமல் காயசண்டிகையின் யானைத்தீ என்னும் பெரும்பசியைத் தணித்தது. ஊரில் பசித்த எல்லோரின் வயிற்றையும் நிரப்பியது. அரசனிடம் கேட்டுச் சிறைக்கோட்டத்தையே அவள் அறக்கோட்டமாக்கினாள். லாவோட்சு சொன்ன பாத்திரத்தின் குழிவு, அறவண அடிகள் சொன்ன சார்பு, இரண்டும் அவள் கையில் சோறாக மாறிவிட்டன. தனக்கென்று எதுவும் வைத்திராத பாத்திரமே எல்லோருக்கும் இடமளித்தது. துன்பப்படுகிறவனும் என்னைச் சார்ந்தவன், நானும் அவனைச் சார்ந்தவன் என்ற அறிவு, அவனுக்கு ஒரு பிடி சோறாக வெளிப்படாவிட்டால் அதனால் ஆவது என்ன?

அந்த மாணவனுக்கு மறுநாள் விடை சொன்னேன். தம்பி, செய்வினைக்குப் பயந்து நாம் பூட்டி வைத்த சொல்லுக்குள் பெரியதோர் இடம் இருக்கிறது என்றேன். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப சேர், வெறுமை எண்டால் ஒண்டும் இல்லை எண்டில்லை, இடம் இருக்கு எண்டதோ?" என்று கேட்டான். இவ்வளவு நேரம் நான் சொன்னதை அவன் ஒரு வரியில் கேட்டுவிட்டான். நாகார்ச்சுனர் இதை அப்படியே ஒப்புக்கொள்வாரா என்பது வேறு விடயம். லாவோட்சு தலையசைத்திருப்பார்.

அடுத்த முறை நயினாதீவுப் படகில் ஏறும்போது, பக்கத்தில் பூக்களோடு அமர்ந்திருப்பவரிடம் மொழி தெரிந்த அளவுக்கு ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். நீங்கள் சுஞ்ஞதா என்கிறீர்களே, அதில் எது இல்லை, எது எஞ்சுகிறது என்று கேளுங்கள். அவர் நம்மிடம் சிதம்பரத்து இரகசியம் பற்றிக் கேட்டால் சொல்வதற்கு நாமும் ஆயத்தமாக இருப்போம். கரை சேர்ந்ததும் அவரவர் வழியில் போகலாம். அதுவரை படகில் இரு சாராருக்கும் இடம் இருக்கிறது.